மூக்குத்தித் திருகு கழலாத காலை

பதினோரு மணிக்கு முகப்பேரில் எனக்குத் தலை ஸ்கேன். உடம்பில் பொட்டுத் தங்கம்கூட இருக்கக் கூடாது என்று முதல் நாளே போனில் சொல்லிவிட்டார்கள். வளையலைக் கழற்றினேன், தோட்டைக் கழற்றினேன். மூக்குத்தி மட்டும் வரவில்லை.

ஒரு மாதமாக என் இடது கை சொன்ன பேச்சு கேட்கவில்லை. டம்ளரைப் பிடித்திருக்கிறேன் என்று நினைப்பேன், அது கீழே கிடக்கும். டாக்டர் சீட்டில் எழுதியதைப் படித்த மருமகள் என்னிடம் பாதியைத்தான் சொன்னாள், அது அவள் முகத்திலேயே தெரிந்தது. இன்றைக்கு விட்டால் இன்னும் பதினெட்டு நாள் ஆகும் என்பதை மட்டும் மூன்று தடவை சொன்னாள்.

திருகு ஏன் வரவில்லை என்று எனக்குத் தெரியும். போன வருஷம் முகம் கழுவும்போது பழைய திருகு கழன்று சாக்கடையோடு போய்விட்டது. கடையில் வாங்கிய புதுத் திருகு மரையில் சரியாக உட்காரவில்லை, லொடலொடவென்று ஆடியது. வீட்டில் செருப்பு ஒட்டுகிற பசை இருந்தது. ஈர்க்குச்சியில் ஒரு சொட்டு எடுத்து, கண்ணாடி முன்னால் நின்று மரையில் தடவி முறுக்கிவிட்டேன். பிறகு அது ஆடவே இல்லை. யாரிடமும் சொல்லவில்லை.

சொல்லியிருக்கலாம். ஆனால் அதே பசையை மருமகள் குக்கர் மூடிக் குமிழுக்குப் போட்டபோது, "ஒட்டுப் போட்டுக்கினே ஒரு குடித்தனமா" என்று நாலு நாள் அவளை விடாமல் பேசியவள் நான். இப்போது எந்த முகத்தோடு சொல்வது?

அவள் தேங்காய் எண்ணெய் விட்டாள், சோப்புத் தண்ணீர் விட்டாள். வெளியே மூக்குத்திப் பூவைத் திருப்பினால் உள்ளே திருகும் சேர்ந்து சுற்றியது. திருகைப் பிடிக்கலாம் என்றால் அது மூக்குக்குள்ளே, விரல் நுழையாத இடத்தில். எட்டரை மணிக்கு மூக்கு தக்காளி மாதிரி வீங்கிவிட்டது.

"வலிக்குதா அத்தை?"

"இல்ல. நீ திருப்பு."

வலியில் உயிர் போனது. அதைவிட, சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்க்கத்தான் பயமாக இருந்தது.

அம்பத்தூர் ஸ்டேஷன் பக்கம் நகை வேலை செய்கிற ஒரு பத்தர் ஒன்பது மணிக்குக் கடை திறப்பார். ஆட்டோவில் போனோம். என் மகன் வயசுதான் இருக்கும் அவருக்கு. கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு என் மூக்கைத் தூக்கிப் பார்த்தார்.

"எத்தினி வருசமா கீது ஆயா இது?"

"யாருக்கு ஆயா? கல்யாணத்துக்கு முன்ன போட்டது."

வீட்டுக்காரர் போனபோது தாலியைக் கேட்டார்கள், கொடுத்தேன். மூக்குத்தியையும் கேட்டார்கள். கேட்டவர்களைப் பார்த்த பார்வையில் அவர்களே அடங்கிவிட்டார்கள். அப்படிப்பட்டது இது.

பத்தர் இடுக்கியை விட்டுப் பார்த்தார். வழுக்கியது. இன்னொரு இடுக்கி, அதுவும் வழுக்கியது.

"இன்னாமா இது, கல்லு மாதிரி கீது. எதுனா போட்டு ஒட்டினியா?"

"இல்ல."

"அப்போ கட் பண்ணிற வேண்டிதான். தண்டு போயிரும். உள்ள லேசா கீறும், பரவால்லியா?"

மணி ஒன்பதே முக்கால். ரத்தம் வந்தால் ஸ்கேனில் உள்ளே விடுவார்களா என்று மருமகள் கேட்டாள். அது தனக்குத் தெரியாது என்றார் அவர். கட்டரைத் துடைத்து என் மூக்குக்குள் விட்டார். சில்லென்று பட்டது. அந்த நேரம் பார்த்து என் இடது கை மடியிலிருந்து தானாக நழுவி நாற்காலிக்குப் பக்கத்தில் தொங்கியது. எடுத்து மடியில் வைத்தேன். மறுபடியும் நழுவியது. மருமகள் அதைக் குனிந்து எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"நிறுத்துப்பா," என்றேன். "பசை போட்டேன்."

"இன்னா பசை?"

"செருப்பு ஒட்றது."

பத்தர் லென்ஸைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "அத்த மொதல்லயே சொல்ல மாட்டியா? அரை மணி நேரமா மல்லு கட்டிக்கினு கீறேன்."

மருமகள் என் கையை விடவில்லை. "குக்கர் மூடிக்கு நாலு நாள் பேசுனீகளே அத்தை," என்றாள், அவள் மதுரைப் பேச்சில். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. நாலு நாள் பேசியிருந்தாலும் கேட்டுக்கொண்டிருப்பேன்.

பத்தர் அவளைப் பக்கத்து பேன்சி ஸ்டோருக்கு அனுப்பினார். நகப்பாலிஷ் அழிக்கிற திரவத்தோடு வந்தாள். தீக்குச்சியில் பஞ்சைச் சுற்றி, அதில் தோய்த்துத் திருகில் மட்டும் வைத்தார். நெடி மண்டைக்கு ஏறியது. கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. வாயால் மூச்சு விடச் சொன்னார். பத்து நிமிஷம் ஆகி வெள்ளையாக ஏதோ உரிந்தது, திருகு அசையவில்லை. மறுபடி பஞ்சு. மருமகள் ஸ்கேன் இடத்துக்குப் போன் போட்டு, "வந்துக்கிட்டே இருக்கோம்," என்று பொய் சொன்னாள். பத்தேகால். பத்து இருபது. பத்தர் ஒரு கையால் பூவைப் பிடித்துக்கொண்டு குறடால் திருகை இடது பக்கம் நெருக்கினார். பல்லைக் கடித்தேன். நறுக்கென்றது. மூக்கு உடைந்துவிட்டது என்றே நினைத்தேன்.

"வந்துச்சி," என்றார்.

பூவையும் திருகையும் காகிதத்தில் மடித்து மருமகள் பையில் போட்டுக்கொண்டாள். நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆட்டோ ஒவ்வொரு சிக்னலிலும் நிற்கும்போது அவள் போனில் மணி பார்த்தாள், நான் அவள் முகத்தைப் பார்த்தேன்.

ஐந்து நிமிஷம் பிந்திப் போனோம். எனக்கு முன்னால் வந்தவர் இன்னும் உள்ளேதான் இருந்தார். பிறகு என்னைக் கூப்பிட்டுப் பலகையில் படுக்க வைத்தார்கள். தலைக்கு இரண்டு பக்கமும் எதையோ அடைத்தார்கள். அசையக் கூடாது, பயமாக இருந்தால் இதை அமுக்குங்கள் என்று அங்கே வேலை பார்க்கிற பெண் ஒரு ரப்பர் உருண்டையை என் இடது கையில் வைத்தாள். வைத்ததே எனக்குத் தெரியவில்லை, அவள் சொல்லித்தான் தெரிந்தது.

"அந்தக் கைல வேணாம்மா," என்றேன். "அது புடிக்காது."

அவள் உருண்டையை வலது கைக்கு மாற்றினாள். பலகை உள்ளே நகர்ந்தது.