உயரத்திலிருந்து விழும் சந்தனம்

அந்தப் பகவதி கோயிலில் மேல்சாந்தியாக, அதாவது தலைமைப் பூசாரியாக, பொறுப்பேற்பவர் ஆறு மாதத்துக்கு மதிலைத் தாண்டக் கூடாது. வீட்டாரோடு பேசவும் கூடாது. இப்போதைய மேல்சாந்தி பவத்ராதன் நம்பூதிரியின் வீடு தெற்கு மதிலுக்கு அந்தப் பக்கம்தான். கிணற்றில் வாளி மோதும் சத்தம்கூட உள்ளே கேட்கும்.

விடியுமுன் நடை திறந்து, நேற்றைய மாலைகளைக் களைந்து, எண்ணெய் சார்த்தி நீராட்டுவார். அதுவரை மனம் அம்மனிடம்தான் இருக்கும். பிறகு சீவேலி. கோயிலைச் சுற்றிவந்து ஒவ்வொரு பலிக்கல்லிலும் சோறு வைக்க வேண்டும். தெற்குக் கல்லில் குனியும்போது மகள் மைத்ரேயி சிரிப்பது மதிலுக்கு அப்பால் கேட்கும். அவர் நிமிர நேரமாகும்.

செண்டை கொட்டும் சங்குண்ணி மாரார் விடமாட்டார். "தெற்குத் திசைக்கு மட்டும் பசி அதிகமோ, திருமேனி? என் கை வலிக்குது."

"கொட்டுறதுக்குத்தானே உமக்குச் சம்பளம்?"

மாலை தீபாராதனைக்கு மனைவி ஆர்யா மகளைக் கூட்டிவருவாள். முதல் வாரம் குழந்தை "அச்சா" என்று அப்பாவிடம் ஓடிவந்து வேட்டியைப் பிடித்துக்கொண்டது. தீட்டு என்று அவர் மறுபடி மதிலுக்குள் இருந்த குளத்தில் முங்கி ஈரத்தோடு வந்து பூஜையைத் தொடங்க வேண்டியதாயிற்று. வந்தவர்கள் முணுமுணுத்தார்கள். ஆர்யாவுக்கு அவமானமாகப் போய்விட்டது. மறுநாளிலிருந்து மைத்ரேயி எட்ட நின்று இரண்டு கையையும் குவித்து நீட்டினாள். அவர் உயரத்திலிருந்து சந்தனத்தைப் போடுவார். வாங்கிக்கொண்டு கண்ணை மூடுவாள், சந்நிதியில் மூடுவதைப் போலவே. பிறகு அச்சா என்று ஒரு நாளும் கூப்பிடவில்லை.

அவர் விஜயதசமிக்குக் காத்திருந்தார். அன்று மேல்சாந்தி மண்டபத்தில் அமர்ந்து, ஊர்க் குழந்தைகளை மடியில் வைத்து அரிசியில் முதலெழுத்து எழுத வைப்பார். அன்று மட்டும் தொடலாம், பேசலாம்.

வரிசை நகர்ந்தது. மைத்ரேயியின் முறை வந்தது.

"வா, மடியில உக்காரு."

அவள் அசையவில்லை. "தொடக் கூடாது. நீங்க திரும்பக் குளிக்கணும்."

வரிசையில் சிரிப்பு எழுந்தது. ஆர்யா மட்டும் சிரிக்கவில்லை. "இன்னைக்குப் பரவாயில்லடி, போ," என்றாள்.

மைத்ரேயி மடியின் ஓரத்தில் ஒட்டாமல் உட்கார்ந்தாள். அவர் மோதிரத்தால் அவள் நாக்கில் எழுதினார். பிறகு அவள் விரலைப் பிடித்து அரிசியில் ஹரிஸ்ரீ எழுதினார். அவள் தலையில் வீட்டில் காய்ச்சிய எண்ணெய் வாசனை. எழுத்து முடிந்தும் அவர் விரலை விடவில்லை.

"அடுத்த பிள்ளை அழுது, திருமேனி," என்றார் மாரார் மெதுவாக.

மகள் இறங்கினாள். வழக்கம்போல் பின்வாங்கி, கைகளைக் குவித்து நீட்டினாள். அவர் சந்தனத்தைப் போடவில்லை. எட்டி, உள்ளங்கையில் வைத்து அழுத்தினார்.

அவள் பயந்து அம்மாவைப் பார்த்தாள். பிறகு அவரை.

"அச்சா, இப்ப நான் குளிக்கணுமா?"

அடுத்த குழந்தையை மடியில் ஏற்றிவிட்டார்கள்.

மாலைச் சீவேலியில் தெற்குக் கல்லருகே அவர் குனிந்தபடியே இருந்தார். அவர் நிமிரும்வரை மாரார் கொட்டிக்கொண்டே நின்றார்.