கறுக்காமல் செத்த புழுக்கள்

என் அண்ணி வளர்க்கும் புழுக்கள் தேன் சாப்பிடுகின்றன. எங்கள் வீட்டுத் தேன் பாட்டில் காலியாகி இரண்டு மாதம் ஆகிறது, அதைப் பற்றி ஒருவருக்கும் கவலை இல்லை. புழுக்களின் தீனியில் ஒரு கரண்டி குறைந்துவிட்டால் மட்டும் அண்ணிக்குச் சாப்பாடு இறங்காது. இதைச் சொல்லிக் காட்டினால், "நாத்தனார்னா இப்படித்தான் பேசணும்னு எங்கயாவது எழுதி வெச்சிருக்கா?" என்று கேட்பார்.

பூச்சி ஆராய்ச்சி நிலையம் ஒன்றில் அவருக்கு வேலை. அங்கே எல்லோருக்கும் அவர் புழு மேடம். அவருக்கு மேலே இருக்கும் விஞ்ஞானி பெரிய மேடம். பயிரைத் தின்னும் பூச்சிகளைச் சீக்கிரமாகக் கொல்லும் பாக்டீரியா ஏதாவது மண்ணில் கிடைக்குமா என்று பெரிய மேடம் பல வருடங்களாகத் தேடிக்கொண்டிருக்கிறார். கிடைப்பதையெல்லாம் தனித்தனிக் கண்ணாடிக் குழாயில் போட்டு எண் ஒட்டி வைப்பார். அதை ஊசியில் ஏற்றிப் புழுவுக்குப் போட்டு, எத்தனை மணி நேரத்தில் சாகிறது என்று பார்த்து எழுதுவது அண்ணியின் பொறுப்பு. ஊட்டி வளர்ப்பதும் இவரே, ஊசி போட்டுக் கொல்வதும் இவரே. எப்படி மனசு வருகிறது என்று ஒருமுறை கேட்டேன். "நீ கோழி சாப்பிடுறப்ப நான் கேட்டேனா?" என்றார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை நான் எடுக்கவில்லை.

அவை தேன்கூட்டு மெழுகைத் தின்னும் மெழுகு அந்துப்பூச்சியின் புழுக்கள். சுண்டுவிரலில் பாதி நீளம், வெண்ணெய் நிறம். பிளாஸ்டிக் டப்பாவில் விட்டால் கடித்துத் துளைபோட்டுக்கொண்டு வெளியே வந்துவிடும். அதனால் கண்ணாடி ஜாடியும் கம்பி வலை மூடியும். ஊசி போடுவதற்கு முன் பனிக்கட்டிமேல் கொஞ்ச நேரம் கிடத்தி மரத்துப்போகச் செய்வார். பிறகு இரண்டு விரலுக்கு நடுவில் பிடித்து, அடிவயிற்றில் இருக்கும் குட்டைக் கால் வழியாக, முடி மாதிரி இருக்கும் ஊசியைச் செலுத்துவார். நான் துணிக்கடையில் அளவு திருத்தித் தைப்பவள். ஊசி பிடிப்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. அண்ணியின் கையைப் பார்த்த அன்று அது பாதி இறங்கிவிட்டது.

பூச்சிகளுக்கும் நோய் எதிர்ப்பு என்று ஒன்று உண்டு என்பதே அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். கிருமி உள்ளே நுழைந்ததும் ரத்தத்தில் இருக்கும் சில செல்கள் ஓடிவந்து அதை விழுங்கப் பார்க்குமாம். விழுங்கி மாளாவிட்டால் சுற்றிச் சூழ்ந்து கறுப்பாக ஒரு பூச்சு பூசி, உள்ளேயே மூச்சு முட்டவைக்குமாம். அதனால்தான் ஊசி போட்ட புழு மெல்லக் கறுக்கிறது. முதலில் புள்ளி புள்ளியாக, சண்டை முற்றினால் உடம்பு முழுக்க. கிருமியும் சும்மா இருப்பதில்லை. "சிலது அடையாளம் தெரியாம மேல ஒரு போர்வையைப் போத்திக்கிட்டு வரும். சிலது தன்னை முழுங்குன செல்லையே உள்ளேர்ந்து கெடுத்துடும். திருட்டுப் பசங்க," என்பார் அண்ணி. பாதி திட்டு, பாதி மெச்சல்.

தினமும் காலையில் ஒவ்வொரு புழுவையும் தூரிகை நுனியால் தொட்டு, நெளிகிறதா என்று பார்த்து எழுத வேண்டும் என்பது அங்கே விதி. ஏழு வருடமாக அந்தப் பதிவேட்டில் அண்ணியின் கையெழுத்துதான். அதில் ஒரு எண்ணை யாரும் சந்தேகப்பட்டது கிடையாது.

ஒரு செவ்வாய்க்கிழமை, இருநூற்றுப் பன்னிரண்டாம் குழாயில் இருந்ததைப் பத்துப் புழுக்களுக்குப் போட்டார். புதன்கிழமை காலை பத்தும் வெள்ளையாகக் கிடந்தன. ‘பத்தும் உயிருடன்’ என்று எழுதினார். வியாழக்கிழமை தட்டை நகர்த்தியபோது ஒன்றுகூட அசையவில்லை. எடுத்துப் பார்த்தால் நனைந்த நாடா மாதிரி துவண்டு தொங்கின. அப்போதும் வெள்ளைதான்.

வெள்ளிக்கிழமை பெரிய மேடம் பதிவேட்டைப் பார்த்தார். முகம் மாறிவிட்டதாம். "ஒரு நாள் முழுக்கக் கிருமியோட உயிரோட இருந்திருக்கு, ஒரு புள்ளிகூடக் கறுக்கல. எதிர்ப்பு சக்தியே இல்லாத புழுவை வெச்சுக்கிட்டு நான் என்னத்தக் கண்டுபிடிக்க?"

"போன மாசம் எல்லாம் நல்லாக் கறுத்துச்சே மேடம்."

"அது போன மாசத்துப் புழு. ஏழு வருஷமா ஒரே குடும்பத்துக்குள்ள பெருகின கூட்டம், தேஞ்சுபோச்சு. திங்கக்கிழமை எல்லா ஜாடியையும் உறைபெட்டியில வெச்சுக் கொன்னுடுங்க. வெளியிலேர்ந்து புதுசா வாங்கிக்கலாம்."

வீட்டுக்கு வந்த அண்ணி கழுவின பாத்திரத்தையே திரும்பத் திரும்பக் கழுவினார். முதல் ஜோடி அந்துப்பூச்சியைத் தேனீ வளர்ப்பவர் ஒருவரிடம் கேட்டு வாங்கி, மடித்த காகிதத்தில் முட்டையிட வைத்து, அதிலிருந்து வந்த கூட்டம் அது. புழுவுக்காக ஒருத்தர் இப்படி உடைந்துபோவாரா என்று கேலி செய்ய வாய் வந்தது. முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டேன்.

சனிக்கிழமை சாயங்காலம், லிஃப்ட் பழுது பார்க்கும் என் அண்ணன் தன் வேலைப் பையைக் கவிழ்த்தபோது, வியாழக்கிழமை நான் கொடுத்தனுப்பிய டப்பா உருண்டு வந்தது. நறுக்கின ஆப்பிள். திறக்கவே இல்லை. மறதியில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. அண்ணி மூடியைத் திறந்து, "நல்லாத்தானே இருக்கு, வெள்ளையா," என்று ஒரு துண்டை எடுத்தார். விரல் உள்ளே புதைந்தது. நாற்றம் வந்தது.

"இதுல என்ன போட்ட?"

"எலுமிச்சம்பழம் கொஞ்சம் பிழிஞ்சு விட்டேன். இல்லன்னா கறுத்துடும், உங்க வீட்டுக்காரர் தொடமாட்டார்."

அண்ணி அந்தத் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஆப்பிள் கறுக்கிறதும் புழு கறுக்கிறதும் கிட்டத்தட்ட ஒரே வேலைதான்னு பெரிய மேடம் சொல்லியிருக்காங்க. ஒருவேளை அந்தக் கிருமி..." என்று ஆரம்பித்து நிறுத்தினார். பிறகு மெதுவாக, "புதன்கிழமை புழுவை நான் தொடவே இல்லடி," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை என்னையும் இழுத்துக்கொண்டு நிலையத்துக்குப் போனார். அந்த அறையில் மருந்து நெடிதான் இருக்கும் என்று நினைத்தேன், தேன் வாசனைதான் அடித்தது. அதே ஜாடியிலிருந்து நல்ல புழுக்களாக எடுத்து, ஊசியால் குத்தி, வெள்ளைப் பீங்கான் ஓட்டின்மேல் ஒன்பது சொட்டு ரத்தம் வைத்தார். புழு ரத்தம் வெளிர் மஞ்சளாக இருக்கிறது. வெளியே வந்து காற்றுப் பட்டாலே தானாகக் கறுத்துவிடுமாம். முதல் வரிசை மூன்றில் கிருமி இல்லாத வெறும் வளர்ப்புத் திரவம். இரண்டாம் வரிசையில் பழகின பழைய பாக்டீரியா. மூன்றாவதில் இருநூற்றுப் பன்னிரண்டு. காய்ந்துவிடாமல் ஈரப் பஞ்சோடு சேர்த்து மூடிவைத்தார். கடிகாரம் பார்ப்பது என் வேலை.

பத்தாவது நிமிடம் முதல் இரண்டு வரிசையும் பழுப்பாயின. இருபதாவது நிமிடம் மை மாதிரி ஆயின. மூன்றாவது வரிசை மஞ்சளாகவே இருந்தது. புழு என்றாலே ஒதுங்கி ஓடும் நான், ஓட்டின்மேல் மூக்கு இடிக்கிற அளவுக்குக் குனிந்து கிடந்தேன். நாற்பது நிமிடம் ஆயிற்று, மஞ்சள் மாறவில்லை. "அண்ணி, கறுக்கல!" என்று கத்தினேன். அவர் ஏற்கெனவே பெரிய மேடத்துக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தார்.

பெரிய மேடம் வீட்டுச் செருப்போடு ஓடிவந்தார். பீங்கான் ஓட்டை வெளிச்சத்தில் பிடித்து இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தார். "உங்க புழு மேல ஒரு குத்தமும் இல்ல. கறுப்பை உண்டாக்குற நொதியோட கையைக் கட்டிப்போடுது இது. ஜாடியெல்லாம் இருக்கட்டும், எதையும் தொட வேணாம்," என்றார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

பிறகு பதிவேட்டைப் புரட்டினார். "கெட்டிக்காரக் கிருமிதான். ஆனா முதல் நாள் பத்தும் உயிரோட இருந்திருக்கு. இவ்வளவு மெதுவாக் கொல்றது நமக்கு உதவாது. ஓரமா வெச்சிடலாம்."

நான் அண்ணியின் கையை அழுத்திக் கிள்ளினேன். புழு பிழைத்தது, வேலை பிழைத்தது, வாயை மூடிக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள் என்று அர்த்தம். நானும் எத்தனையோ முறை நாடா வைக்காமல் கண்ணளவிலேயே வெட்டியிருக்கிறேன். யார்தான் செய்வதில்லை? ஆனால் இருநூற்றுப் பன்னிரண்டு உண்மையில் எத்தனை மணி நேரத்தில் கொல்கிறது என்று தெரியாமல் அண்ணியால் இருக்க முடியாது. அவர் கையை உருவிக்கொண்டார்.

"மேடம், அன்னிக்கு நான் தொட்டுப் பார்க்கல. வெள்ளையா இருந்துச்சு, உயிரோட இருக்குன்னு எழுதிட்டேன்."

"அன்னிக்கு மட்டும்தானே?"

"இல்ல மேடம். முதல்ல எல்லாத்தையும் தொட்டேன். அப்புறம் போகப் போக... கறுத்ததுதானே சந்தேகம், அதைத் தொடுவேன். வெள்ளையா இருக்கிறது செத்து நான் பார்த்ததே இல்ல. எப்பலேர்ந்து விட்டேன்னுகூட ஞாபகம் இல்ல."

பெரிய மேடம் நாற்காலியில் உட்கார்ந்தார். "இந்த நோட்டை நம்பி மூணு கட்டுரை எழுதியிருக்கேன்," என்றார். கோபம் வந்து கத்தியிருந்தால்கூடத் தேவலை. எழுந்து தாழ்வாரத்துக்குப் போய் ரொம்ப நேரம் நின்றார். அண்ணி அழுதார். எனக்கு அந்த அம்மாள்மேல் ஆத்திரம் வந்தது, அண்ணிமேல் அதைவிட அதிகமாக வந்தது.

திரும்பி வந்த பெரிய மேடம், "ஒண்ணாம் குழாயிலேர்ந்து எல்லாத்தையும் மறுபடி போடணும். கிருமிக் குழாயெல்லாம் உறைபெட்டியில பத்திரமா இருக்கு," என்றார்.

"வேற யாரையாவது வெச்சுக்குங்க மேடம். என் எழுத்தை இனிமே யார் நம்புவாங்க?"

"வேற ஆள் தொடாம எழுதினா எனக்குத் தெரியவே தெரியாது. நீங்க எழுதினா நீங்களே வந்து சொல்லிடுவீங்க."

அன்று மத்தியானம் ஒரு மணிக்கு இருநூற்றுப் பன்னிரண்டைப் புதிதாகப் பத்துப் புழுக்களுக்குப் போட்டார். மறுநாள் விடிந்ததும் கிளம்பிப் போனவர் ஏழு மணிக்கு வீட்டுக்குப் போன் செய்து, "பத்தும் போயிடுச்சு! பதினெட்டே மணி நேரம்! எல்லாம் வெள்ளை!" என்று கூவினார். அண்ணன் முகத்தில் சோப்பு நுரையோடு ஓடிவந்து, யார் போய்விட்டார்கள் என்று கேட்டார்.

இப்போது அண்ணி முப்பத்தேழாம் குழாய் வரை வந்திருக்கிறார். கறுக்காமல் கொல்கிறவை இன்னும் இரண்டு அகப்பட்டிருக்கின்றன. இரண்டுக்கும் எதிரே பழைய பதிவேட்டில் ‘உயிருடன்’ என்று அவர் கையெழுத்திலேயே இருக்கிறது. இரண்டு தடவையும் அந்தப் பக்கத்தைத் திறந்து, தானே எடுத்துக்கொண்டு போய்ப் பெரிய மேடத்தின் மேசையில் வைத்தார்.