ஒரு நீலத்தாள் குறைந்தது

இலங்கையில் கேகாலைப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவள் நான். எனக்கும், தனியாளாகப் பாய்மரப் படகில் உலகத்தைச் சுற்றி வரும் பந்தயத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால் கேட்கிறவர்கள் மேல் தப்பில்லை. என் வீட்டுக்காரரே கேட்டார். ஆனால் அந்தப் பந்தயத்தில் போன ஒரு பெண்ணின் உயிர் என் கையில் இருப்பதாக நினைத்து நான் மாதக்கணக்கில் சோறு இறங்காமல் கிடந்தேன்.

சில வருஷங்களுக்கு முன் தோட்டத்தில் வேலை நாட்கள் குறைந்துபோனபோது, மேற்குக் கரையில் வெளிநாட்டுக்காரர்களுக்குப் படகுச் சாமான் செய்யும் ஒரு சின்னப் பட்டறையில் சேர்ந்தேன். கை நிதானமும் கண் கூர்மையும் வேண்டும் என்றார்கள். மரத்துக்குக் காயம் படாமல் பட்டையை மட்டும் சீவத் தெரிந்தவளுக்கு அது இல்லாமலா போகும்? கார்பன் துணியை அச்சுக்குள் ஒன்றின்மேல் ஒன்றாகப் பரப்பி அமுக்குவது என் வேலை. எங்கள் போர்மன் சிங்களவர். என்னை நங்கி, அதாவது தங்கச்சி, என்றுதான் கூப்பிடுவார்; நான் அவரை சேர் என்பேன். அவரோடு பேச்செல்லாம் சிங்களத்தில்தான்.

நாங்கள் செய்தது படகுக்கான இறக்கை. பழைய மாதிரிப் படகு வயிறு தண்ணீரில் பதிய, அலையை உழுதுகொண்டு போகும். புது மாதிரிக்கு இரண்டு பக்கமும் வளைந்த இறக்கை இருக்கும். வேகம் பிடித்ததும் தண்ணீருக்குள் இருக்கிற இறக்கை அத்தனை பெரிய படகையும் மேலே தூக்கிவிடும். எனக்கு முதலில் விளங்கவே இல்லை. போர்மன் சிரித்தார்.

"பஸ்ஸில ஜன்னலுக்கு வெளிய கையை நீட்டிச் சாய்ச்சா காத்து தூக்குமா இல்லியா? அதேதான், நங்கி."

"அப்ப பழைய படகு எதுக்கு சேர்?"

"பழைய படகு மெதுவா வரும். ஆனா வந்து சேரும். இது காத்தா பறக்கும். இறக்கை முறிஞ்சா படகு ஒடம்புலயே ஓட்டை விழும். நடுக்கடல்ல தனியா இருக்கிற ஆளு அப்ப என்ன செய்யும்?"

கேட்டுக்கொண்டேன். அப்போது அது யாருக்கோ நடக்கிற கதையாகத்தான் இருந்தது.

கார்பன் துணி பசையோடு வரும். அதன் முதுகில் நீல நிறத்தில் மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கும். துணியைப் பரப்பி அமுக்கியதும் அந்தத் தாளை உரித்து எடுத்துவிட்டுத்தான் அடுத்த துணியைப் பரப்ப வேண்டும். ஒரு தாள் உள்ளே தங்கிவிட்டால் அந்த இடத்தில் துணியும் துணியும் ஒட்டாது. வெளியே ஒன்றும் தெரியாது. கடல் அடிக்க அடிக்க அங்கேயிருந்துதான் பிளக்கும். அதனால் உரித்த தாளை உடனே சுவரில் ஒட்ட வேண்டும் என்பது பட்டறைச் சட்டம். துணி எத்தனை, தாள் எத்தனை என்று எண்ணிச் சரிபார்த்த பிறகுதான் இறக்கை, சூட்டில் இறுகுவதற்காகச் சூளைக்குப் போகும்.

எனக்கு அந்த ஒன்றுதான் வசப்படவில்லை. ரப்பர் மரத்தில் கத்தி வைக்கும் முன், முந்தின வெட்டில் காய்ந்து கிடக்கும் பாலை நூலாக உரித்து இடுப்புப் பையில் போடுவோம். ஒட்டுப்பால் என்று பெயர். அதைக் கீழே போட்டால் கங்காணி வாயில் விழ வேண்டியதுதான். பதினாறு வயதிலிருந்து, விடிந்தால் இருநூறு முந்நூறு மரம். உரித்ததை இடுப்பில் செருகுவது எனக்கு மூச்சு விடுகிற மாதிரி. பட்டறையிலும் நீலத்தாளை உரித்ததும் கை நேராக ஏப்ரன் பைக்குப் போய்விடும். எத்தனை தரம் ஏச்சு வாங்கினேன்! "நங்கி, இது ரப்பர் மரம் இல்ல, சுவத்துல ஒட்டு" என்பார். இரண்டு தாள் ஒட்டுவேன், மூன்றாவது பைக்குள் போயிருக்கும்.

ஒரு பந்தயப் படகுக்கான இடப்பக்கத்து இறக்கையைப் பரப்பி முடித்த அன்று சுவரில் இருந்ததை எண்ணினோம். என் பையிலிருந்து கசங்கிக் கிடந்ததையெல்லாம் எடுத்துப் பிரித்து எண்ணினோம். ஒரு தாள் குறைந்தது. அதற்குள் தரையைக் கூட்டி, குப்பை மூட்டையும் போய்விட்டிருந்தது.

"நங்கி, எல்லாத்தையும் உரிச்சது நிச்சயமா?"

"நிச்சயம் சேர். பையிலருந்து எங்கயாவது விழுந்திருக்கும்."

வாய் சொன்னது. கைக்குத் தெரியவில்லை. உண்மையைச் சொன்னால் ஒரு கிழமை வேலையைப் பிய்த்துப் போட வேண்டும், எல்லோர் முன்னாலும் தலை குனிய வேண்டும். பயந்துபோய்ச் சொன்ன பொய் அது. அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். சூளையிலிருந்து வந்ததும் ஒரு நாணயத்தை எடுத்து இறக்கை முழுவதும் தட்டித் தட்டிக் காது கொடுத்தார். சத்தம் எல்லா இடத்திலும் ஒரே மாதிரித்தான் கேட்டது. தடித்த அடிப்பாகத்தில் நாணயச் சத்தம் ஆழத்துக்குப் போகாது என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

பிறகுதான் அந்தப் படகில் தனியாக உலகத்தைச் சுற்றப்போகிற படகுக்காரி வந்தாள். ஐம்பதை நெருங்கும் வெள்ளைக்காரப் பெண், வெயிலில் காய்ந்த முகம். இறக்கையைத் தடவிப் பார்த்தாள். இதைச் செய்தது யார் என்று கேட்டு என் கையைப் பிடித்தாள். பால்வெட்டுக் கத்தி பட்ட பழைய தழும்புகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஏதோ சொன்னாள். போர்மன் சிங்களத்தில் சொன்னார்: "நான் தூங்கும்போதும் இது ஓடணும்னு சொல்றாங்க." நான் சிரித்தேன். பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன், வெட்கங்கெட்டவள்.

அந்த ஆர்டரோடு பட்டறையில் வேலை குறைந்தது. தோட்டத்து லயத்து வீட்டுக்கே திரும்பி வந்து பழையபடி கத்தியைக் கையில் எடுத்தேன். பந்தயம் தொடங்கியபோது, படகுகள் அப்போதைக்கப்போது இருக்கும் இடத்தைக் காட்டும் வரைபடம் ஒன்றைப் போர்மன் போனில் அனுப்பினார். நீலக் கடல்மேல் புள்ளி புள்ளியாகப் படகுகள். அதில் ஒரு புள்ளி அவள். அன்றிலிருந்து அந்தப் போன் என் இடுப்பை விட்டு இறங்கவில்லை.

"என்னா, ஒன் அக்கா இன்னைக்கு எவ்வளவு தூரம் போயிட்டா?" என்று வீட்டுக்காரர் கிண்டல் பண்ணுவார். "நமக்கு சோறு எப்ப, அத அந்தப் புள்ளிக்கிட்ட கேளு."

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் மன்றாட்டு நேரத்தில், கடலில் தனியாகப் போகும் ஒருவருக்காக என்று எழுதிக் கொடுத்தேன். மீன்பிடிக்கப் போன சொந்தக்காரர் யாரோ என்று எல்லோரும் நினைத்தார்கள். நானும் தலையாட்டிவிட்டேன். இன்னொரு பொய்.

அவள் நாலாவதாகப் போய்க்கொண்டிருந்தாள். தெற்குக் கடலுக்குள் இறங்கியதும் எனக்குப் பிடித்தது பீடை. பட்டப்பகலில், மரத்தில் ஒட்டுப்பாலை உரிக்கும்போதெல்லாம் முதுகுக்குப் பின்னால் அவள் நிற்கிறாள். திரும்பினால் வரிசை வரிசையாக மரம்தான். திரும்பவும் உரித்தால் திரும்பவும் நிற்கிறாள். பேசமாட்டாள். என் கை எங்கே போகிறது என்று பார்ப்பாள், அவ்வளவுதான். ஒட்டுப்பாலைப் பையில் போடப் பயந்து, வெட்டிய மரத்திலேயே ஒட்டிவிட்டு வந்தேன். கங்காணி, "புத்தி கெட்டுப் போச்சா ஒனக்கு?" என்று கத்தினார். போனதுதான், பொய்யா சொன்னார்?

ஒரு நாள் காலை பெரட்டில் பேர் கொடுத்துவிட்டு வேலைக்கு மலை ஏறும்போது போனைப் பார்த்தேன். அவளுக்கு முன்னால் போன வேறொரு படகின் இறக்கை முறிந்து, படகுக்குள் தண்ணீர் ஏறி, ஆள் மிதவைக்குள் இறங்கிவிட்டாராம். பின்னால் வந்த இறக்கையில்லாத பழைய படகு ஒன்று அவரைத் தூக்கி எடுத்ததாம். அந்த இறக்கை எங்கள் பட்டறையில் செய்தது இல்லை. இருந்தாலும் மலைக்கு ஏறாமல் வீட்டுக்கே திரும்பிவிட்டேன். வீட்டுக்காரரிடம் முழுக் கதையையும் அப்போதுதான் சொன்னேன்.

"அடி பாவி! இப்ப சொல்லி என்னா ஆகப்போவுது? வாய மூடிக்கிட்டு இரு. அது உள்ள இருக்குதோ இல்லியோ, யாரு கண்டா?"

"ஒங்க தங்கச்சி அதுல போனா இப்பிடித்தான் சொல்லுவீங்களா?"

மனுஷன் என் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டு கடைக்கு இறங்கிப் போய் பேசுவதற்குக் காசு ரீலோட் போட்டுக்கொண்டு வந்து திருப்பிக் கொடுத்தார்.

சிக்னல் கிடைக்கும் பாறைமேல் ஏறி நின்று, அன்றைக்கு நிச்சயம் என்றது பொய் என்று போர்மனுக்குச் சொன்னேன். "இத்தன நாளா எங்க வச்சிருந்த இந்த வாய?" என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

மறுநாளிலிருந்து புள்ளி நொண்டத் தொடங்கியது. அவள் இடப்பக்கத்து இறக்கையைப் படகுக்குள் இழுத்துக்கொண்டாள் என்று பந்தயச் செய்தியில் போட்டிருந்தார்கள். காற்று ஒரு பக்கமிருந்து அடித்தால் மற்ற இறக்கையில் எழும்பிப் பறந்தாள். திசை மாறினால் பழைய படகு மாதிரி வயிற்றாலேயே தவழ்ந்தாள். அவளுக்குப் பின்னால் வந்த இறக்கையில்லாத படகுகள்கூட ஒவ்வொன்றாக அவளைத் தாண்டிப் போயின. ஐந்து, ஆறு, எட்டு. உயிரோடு வரட்டும், எத்தனையாவதாக வந்தால் என்ன என்று சொல்லிக்கொண்டேன். ஆனால் அவள் எதற்காக இத்தனை வருஷம் பாடுபட்டாள் என்று எனக்குத் தெரியாதா?

பதினோராவதாக வந்து கரை ஏறினாள். கொஞ்ச நாள் கழித்து நான் பால் சேர்த்துக்கொண்டிருக்கும்போது போர்மன் கூப்பிட்டார்.

"நங்கி, அந்த இறக்கைய மெஷின் வச்சு முழுசாப் பாத்துட்டாங்க. உள்ள ஒண்ணுமே இல்ல. சுத்தம்."

"அப்ப... பறந்திருக்கலாமா சேர்?"

"பறந்திருக்கலாம்."

"அந்தம்மா என்னைய ஏசினாங்களா?"

"ஒன்ன ஏன் ஏசுறாங்க? ஒன் பேச்சையே நான் எடுக்கல்ல. பட்டறையில ஒரு சந்தேகம், இழுத்துக்கங்கன்னுதான் சொன்னேன். ஏன், எப்பிடின்னு அவங்க கேக்கவும் இல்ல. விட்டுடு நங்கி."

அவள் பேட்டியையும் அனுப்பினார். ஏன் இறக்கையை உள்ளே இழுத்தீர்கள் என்று கேட்கிறார்கள். அவள் பட்டறையையும் சொல்லவில்லை, சந்தேகத்தையும் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டே இரண்டு வார்த்தை சொல்கிறாள். போர்மன் கீழே அர்த்தம் எழுதியிருந்தார்: நான் பயந்துவிட்டேன். அடுத்த பந்தயத்துக்கு அவளுடைய படகை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்களாம். பயப்படுகிறவர்களுக்கு இறக்கை எதற்கு என்று ஊர் உலகமெல்லாம் அந்த வீடியோவுக்குக் கீழே எழுதி வைத்திருக்கிறது.

எனக்கு எழுத வருவது தமிழ்தான். அந்த வீடியோவுக்குக் கீழே நானும் எழுதினேன்: அவங்க பயப்படல. பயந்தது நான். அனுப்பிவிட்டு நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன். இன்றைக்கும் மலையிலிருந்து இறங்கும்போது போனை எடுத்துப் பார்க்கிறேன். நீ யார் என்று இதுவரைக்கும் ஒருவரும் கேட்கவில்லை.