அண்ணன் இலையில் வைக்காத உப்பு

எங்கள் அண்ணன் பாபநாசத்துக்குத் தெற்கே வாய்க்கால் ஓரத்து வீட்டில் பிறந்தார்கள். அப்பா சீக்கிரம் போய்விட்டதால் சின்ன வயதிலேயே ஏர் பிடித்தார்கள். தங்கைகள் எங்களைக் கட்டிக்கொடுத்த பிறகுதான் தாம் கல்யாணம் செய்துகொண்டார்கள். குறுவை பொய்த்த வருடங்களிலும் வந்தவரைச் சாப்பிடாமல் அனுப்பியதில்லை. யார் எதைக் கொடுத்தாலும் இரண்டு கையாலும் வாங்குவார்கள். வேண்டாம் என்ற சொல் அவர்கள் வாயில் வராது.

அண்ணி தவறிய பிறகு சமைத்துப் போட நான் வந்தேன். அண்ணனுக்குச் சர்க்கரை வியாதியில் அப்போதே சிறுநீரகம் பாதி போயிருந்தது. தஞ்சாவூர் டாக்டர், "சாப்பாட்டைக் கட்டுப்படுத்தினா மிஷின்ல போடுறதைத் தள்ளிப்போடலாம்" என்றார்.

"ரத்தத்தை வெளியே எடுத்துக் கழுவுவாங்களாம். அது மட்டும் வேண்டாம்மா" என்றார்கள் அண்ணன். அவர்கள் வேண்டாம் என்று சொல்லி நான் கேட்டது அது ஒன்றுதான்.

காயை நறுக்கி நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் தாளிப்பேன். பருப்பும் மீனும் டாக்டர் சொன்ன அளவுதான். ஊறுகாய், அப்பளம், கருவாடு நிறுத்தியாகிவிட்டது. வாழைப்பழமும் இளநீரும் ஆகவே ஆகாது. அவற்றில் உள்ள பொட்டாசியம் வெளியேறாமல் தங்கினால் நெஞ்சையே நிறுத்திவிடும் என்று நர்ஸம்மா சொல்லியிருந்தார். சமையலில் உப்புப் போடுவதை நிறுத்தினேன், இலையோரத்தில் உப்பு வைப்பதையும் விட்டேன்.

"சோத்துல உப்புப் போட்டுத்தானே திங்கிறன்னு இனிமே எவனும் என்னைக் கேக்க முடியாது" என்று சிரிப்பார்கள். சிரித்தாலும் பாதிச் சோறு இலையிலேயே கிடக்கும். ஆள் இளைத்துப்போனார்கள். ஆனால் மிஷினில் போடுவது தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது.

போன கோடையில் பேராவூரணியிலிருந்து, அண்ணன் மகனுக்குப் பெண் கொடுத்த சம்பந்தி பார்க்க வந்தார். தம் தோப்பில் இறக்கிய இளநீர்க் குலைகளைக் கொண்டுவந்திருந்தார்.

"என்ன சம்பந்தி, இப்படி வத்திப்போயிட்டீங்க? குளுமையா இருக்கும், சீவட்டுமா?"

"அண்ணே, இளநீர் ஆகாதுன்னு சொல்லியிருக்காங்களே" என்றேன்.

"சும்மா இரும்மா. பொண்ணு கொடுத்தவரு தூக்கிட்டு வந்திருக்காரு" என்றார்கள் அண்ணன்.

வாங்கிக் குடித்தார்கள். அவர் தங்கியிருந்த நாளெல்லாம் காலையும் மாலையும் சம்பந்தியே தம் கையால் சீவிக் கொடுத்தார். அவர் ஊருக்குப் போன மறுநாள் காலையில் அண்ணனுக்குக் கைகால் துவண்டது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே நெஞ்சு நின்றுவிட்டது. மிஷினில் படுக்காமலே போய்விட்டார்கள்.

சம்பந்தியைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. "எழுதுங்க சம்பந்தியம்மா, நாலு பேரு தெரிஞ்சுக்கட்டும்" என்று அழுதது அவர்தான். சிறுநீரகம் கெட்டவர்களைப் பார்க்கப் போகிறவர்கள் தயவுசெய்து, என்ன சாப்பிடலாம் என்று சமைக்கிறவர்களைக் கேட்டுவிட்டுக் கொண்டுபோங்கள்.

தம் காரில் அண்ணனைத் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடிய பக்கத்து வீட்டு பாய்க்கும், எனக்குப் புரியும்வரை சொல்லிக்கொடுத்த நர்ஸம்மாவுக்கும், கூட நின்ற உறவுகளுக்கும் என் கும்பிடு.

கருமாதிப் படையலுக்கு எல்லாவற்றையும் உப்புப் போட்டுச் சமைத்தேன். இலையோரத்தில் ஒரு சிட்டிகை உப்பும் வைத்தேன். சம்பந்தி வெறுங்கையோடு வந்து, அந்த இலைக்கு முன்னால் விழுந்து கும்பிட்டார்.