றஸாக் மச்சானின் மெக்னட் ட்றில்

என் மனைவி சபூறாவின் காக்கா, அதாவது அண்ணன், றஸாக், கல்முனைக்குடியில் இரும்பு வேலைப் பட்டறை வைத்திருந்தவர். வாயைத் திறந்தால் ஏச்சுத்தான். அந்த மனுசனிடமே வேலைக்குச் சேர்ந்தேன் பாருங்கள், என் தலைவிதி.

எண்பத்திரண்டில் மெக்னட் ட்றில் வாங்க இருவரும் கொழும்புக்குப் போனோம். இரும்பில் வைத்து சுவிட்சைப் போட்டால் காந்தம் கவ்விக்கொள்ளும், அப்படியே துளை போடலாம். கரண்ட் இருக்கும்வரைதான் அந்தப் பிடி. மச்சான் சும்மா வரவில்லை. பட்டறையிலிருந்து இரண்டு இரும்புத் துண்டுகளை, மெல்லியது ஒன்று தடித்தது ஒன்று, பழைய சாறன் துணியில் சுற்றிக்கொண்டு வந்தார். பஸ்ஸில் அந்தப் பாரம் முழுக்க என் மடியில்! கடையில் பெரிய ட்றில், சிறிய ட்றில் இரண்டையும் அந்தத் துண்டுகளில் வைத்து இழுத்து இழுத்துப் பார்த்தார். மெல்லிய தகட்டில் இரண்டும் வழுக்கின. தடித்த துண்டில் இரண்டும் அசையாமல் நின்றன.

"தூக்கிக்கிட்டு ஏணில ஏறுறவன் நான்" என்று சிறியதை எடுத்தார். சிறியதே நல்ல பாரம்தான்.

அந்த வருட அறுவடையில் எங்கள் ஊர் சரீபா மாமியின் நெல் மில்லில், உயரத்து இரும்பு உத்தரத்தில் துளை போடும் வேலை வந்தது. முற்றம் நிறைய நெல் மூட்டை கிடந்ததால் மில்லை நிறுத்த வழியில்லை. மச்சான் மேலே, நான் ஏணியைப் பிடித்தபடி கீழே. ட்றில் என் தலைக்கு நேரே இருந்தது. காந்தம் விட்டால் நான் மௌத்து. மச்சான் காந்தம் நன்றாகக் கவ்வ உத்தரத்தில் பெயின்ரைச் சுரண்டி, ட்றிலைச் சங்கிலியால் கட்டி, கட்டு திருப்திப்படாமல் கழற்றி மறுபடியும் கட்டினார்.

"என்ன மச்சான், ஆட்டுக்கடாவையா கட்டுறீங்க? கை கடுக்குது."

"டேய், வாயப் பொத்திக்கிட்டுப் புடி. கரண்டு எப்ப போகுமெண்டு ஆருக்குத் தெரியும்?"

துளை தொடங்கிய கையோடு பள்ளிவாசலில் நண்பகல் தொழுகைக்கு அழைக்கும் லுஹர் வாங்கு கேட்டது. வாங்கு சொன்னால் அந்த மில்லில் சத்தம் கேட்கக் கூடாது. மாமி வழமைபோலப் போய் மெயின் சுவிட்சை இழுத்தா. மில் நின்றது, காந்தமும் விட்டது. ட்றில் சடாரென்று விழுந்து சங்கிலியில் தொங்கி ஆடியது. யா அல்லாஹ்!

மாமி தலையில் அடித்துக்கொண்டு ஓடிவந்தா. "வாங்கு சொல்லக்குள்ள நிப்பாட்டுறதுதானே மகன், நான் யோசிக்கல்லியே!"

"உங்கட பிழை இல்ல மாமி. வாங்கு நேரம் எனக்கும் தெரியும்தானே" என்றார் மச்சான் ஏணியில் நின்றபடியே.

அடுத்து ஏச்சு எனக்குத்தான் என்று நின்றேன். மச்சான் இறங்கி வந்து என் தலையை இரண்டு கையாலும் தடவித் தடவிப் பார்த்தார். அவர் கண்ணிலிருந்து கண்ணீர் ஓடியது.

"சபூறாட மொகத்துல நான் எப்படி முழிப்பன், ஹஸன்?"

அதுவரை அந்த மனுசன் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை.