பூப்பி பாதி வழியில் இறங்கிய முஹர்ரம்

அப்பாவின் அக்காவை நாங்கள் பூப்பி என்று கூப்பிடுவோம். அவரோடு பஸ்ஸில் போவதென்றாலே சின்ன வயதில் எனக்கு எரிச்சலாக இருக்கும். யார் வம்பானாலும் நடுவில் பூப்பி இருப்பார்.

எண்பதுகளில், நான் நாலாம் வகுப்பு படித்தபோது, முஹர்ரம் மாதத்தில் ஒரு நாள் விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்துக்குக் கிளம்பினோம். அங்கே பெரியம்மா வீட்டில் பெண்களுக்கு மட்டுமான மஜ்லிஸ், அதாவது துக்கக் கூட்டம். எங்களைப் போன்ற ஷியா குடும்பங்கள் அந்தப் பக்கத்தில் கொஞ்சம்தான். எல்லா வீட்டுப் பெண்களும் கறுப்பு உடுத்தி, வளையலைக் கழற்றி வைத்துவிட்டு வருவார்கள். கர்பலா போரில் அண்ணன் ஹுசைனைப் பறிகொடுத்துக் கைதியாக இழுத்துச் செல்லப்பட்ட பீபி ஜைனபின் கதையைப் பூப்பி சொல்லுவார். எல்லோரும் அழுவார்கள். அழுது முடித்ததும் பிரியாணி. நான் போனது அதற்காகத்தான்.

விக்கிரவாண்டி தாண்டியதும் முன்சீட்டுப் பெண்ணின் கைக்குழந்தை வாந்தி எடுத்துவிட்டது. கண்டக்டர் விசில் அடித்தார்.

"எறங்கும்மா. வண்டியே நாறுது. பின்னால வர்ற பஸ்ல வா."

அந்தப் பெண் பையை எடுத்தாள். எதிர்பார்த்தபடியே பூப்பி எழுந்துவிட்டார். வீட்டில் உருதுதான் என்றாலும் கோபம் வந்தால் அவருக்குத் தமிழ்தான் வரும்.

"புள்ளைய வச்சிக்கினு நடுரோட்டுல அவ எங்க போவா? அவள எறக்கறதுன்னா என்னியும் சேர்த்து எறக்கு!"

கண்டக்டர் யோசிக்கவேயில்லை. "எறங்குங்க."

இறங்கினோம். பஸ்ஸிலிருந்து வேறு ஒருத்தரும் இறங்கவில்லை. நிழலுக்கு ஒரு மரம் கிடையாது. வந்த பஸ் ஒன்றும் நிற்கவில்லை. குழந்தை பூப்பியின் புர்காவிலும் ஒருமுறை வாந்தி எடுத்துவிட்டு அவர் தோளிலேயே தூங்கிப்போனது.

"உங்களுக்கு எதுக்கு பூப்பி இதெல்லாம்?" என்று கத்தினேன்.

"சும்மா இரு. புள்ள எழுந்துக்கப் போவுது."

கடைசியில் ஒரு டவுன் பஸ் நின்றது. அந்தப் பெண் அவள் ஊரில் இறங்கிக்கொண்டாள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பெரியம்மா வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"எல்லாரும் எவ்ளோ நேரமா காத்துக்கினு இருக்காங்க! ஜல்தியா வரக் கூடாதா? உங்களால ஒரே பேஜாருங்க."

பூப்பி காரணம் எதுவும் சொல்லவில்லை. முகம் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். அன்று சொன்னது, கைதிகளைக் கூஃபா நகரத் தர்பாரில் கொண்டுவந்து நிறுத்திய கதை. காய்ச்சலில் கிடந்த ஜைனபின் அண்ணன் மகனை வெட்டச் சொல்லி அந்த ஊர் ஆளுநர் உத்தரவிடுகிறார். ஜைனப் ஓடிப்போய் அண்ணன் மகனைக் கட்டிக்கொள்கிறார். 'இவனைக் கொல்வதானால் இவனோடு என்னையும் கொல்' என்கிறார். வாள் நின்றுவிடுகிறது.

பெண்கள் மார்பில் அடித்துக்கொண்டு அழுதார்கள். பசியில் நானும் அழுதேன். "சின்னப் பொண்ணுக்கு எவ்ளோ பக்தி பாரு" என்று யாரோ என் தலையைத் தடவினார்கள்.

சாப்பிடும்போதும் எனக்குக் கோபம் ஆறவில்லை. "நாம ஏன் லேட்டுன்னு அவங்ககிட்ட சொல்லவேயில்லையே. பெரியம்மா உங்களத்தான தப்பா நெனைக்கிறாங்க?" என்றேன்.

பூப்பி என் தட்டில் கறித்துண்டு ஒன்றை எடுத்துவைத்தார். "அதத்தானே இவ்ளோ நேரமா சொல்லிக்கினு இருந்தேன்."

வெயிலில் நின்று பூப்பிக்கு மூளை குழம்பிவிட்டது என்று நினைத்துக்கொண்டு, கறியைச் சாப்பிட்டேன்.