விளையாட்டுப் பையில் ஒரு பேணி
ஜெர்மனியில் நாங்கள் வாழும் ஊரின் பேஸ்பால் கழகச் சாதனையை முறியடிக்க, மகனுக்கு இன்னும் இரண்டு ஹோம் ரன்களே தேவைப்பட்டன. அவன் ஸ்டீராய்டு எடுக்கிறானா என்று ஆட்டம் பார்க்க வந்த மற்றப் பெற்றோர் வாதாடினார்கள். இல்லவே இல்லை என்று உரத்துச் சண்டை பிடித்தேன். ஆனாலும் வீட்டுக்கு வந்ததும் அவன் பையைத் துழாவினேன். பெயர் ஒட்டாத தகரப் பேணியில் இளம்பழுப்புத் தூள் இருந்தது. பதறிப்போய் மனைவியிடம் நீட்டினேன்.

முகர்ந்தவள் சிரித்தாள். “இஞ்சருங்கோ, இது நான் உழுந்து வறுத்து அரைச்ச மா. வயசுக்கு வந்து பெரியபிள்ளையான பெட்டையளுக்குக் களி கிண்டிக் குடுக்கிறதுதானே. இவனுக்கும் இடுப்புப் பலக்கட்டுமெண்டு பாலிலை கரைச்சுக் குடிக்கக் குடுத்தனான்.”

கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். “எனக்கும் கொஞ்சம் கரைச்சுத் தாரும்” என்றேன். நெஞ்சு லேசாகிவிட்டது, கோப்பையை வாங்கி ஒரே மூச்சில் குடித்தேன்.